சாவி திரும்புகிறது, வண்டி கிளம்பவில்லை: வாசகர் கேள்வி–பதில்

உரிய சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசர் பழைய கார்களில் பழுதாவது பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை இணைத்துச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் 1999ஆம் ஆண்டு மாடல். சில வாரங்களாகக் காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் உடனே பிடித்து, ஓரிரு வினாடிகள் ஓடிவிட்டு அணைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னுகிறது. நான்கைந்து முறை முயன்றால் சில நாட்களில் ஓடுகிறது. இம்மொபிலைசர் பெட்டி போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் அதே பார்ட் நம்பர் கொண்ட பெட்டி கிடைக்கிறது. வாங்கிப் பொருத்தினால் போதுமா?

பதில்: போதாது. அந்தப் பெட்டியை மட்டும் மாட்டினால், இப்போது அவ்வப்போதாவது ஓடுகிற வண்டி அறவே ஓடாமல் போகும். ஏனென்று தெரிந்துகொண்டால் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது தானாக விளங்கிவிடும்.

உங்கள் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சிறிய சிப் இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றி வளையமாக ஒரு செப்புக்கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருளில் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் மின்காந்தப் புலம் எழுகிறது. அதிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு சிப் தன் அடையாள எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. இம்மொபிலைசர் பெட்டி அந்த எண்ணைத் தன் நினைவகத்தில் பதிந்துள்ள எண்களோடு ஒப்பிட்டு, பொருந்தினால் எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவுக்கு அனுமதி தருகிறது. அந்த அனுமதி வரும்வரை ஓரிரு வினாடிகள் மட்டும் பெட்ரோலை விடுவது சில கார்களின் அமைப்பு. உங்கள் வண்டி பிடித்தபின் அணைவது அதனால்தான். வேறு சில கார்களில் செல்ஃப் சுற்றும், ஆனால் எஞ்சின் பிடிக்காது. இன்னும் சிலவற்றில் செல்ஃப் கூடச் சுற்றாது.

ஆக, சாவி, பெட்டி, ஈசியூ என்ற மூன்றும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பெட்டிக்கு வேறொரு காரின் சாவிகளும் வேறொரு காரின் ஈசியூவும்தான் தெரியும். பார்ட் நம்பர் ஒத்துப்போவது பெட்டியின் அமைப்பைச் சொல்லுமே தவிர, அதற்குள் பதிந்திருப்பதைச் சொல்லாது.

அதைவிட முக்கியமாக, உங்கள் பெட்டி உண்மையிலேயே பழுதானதா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது. ஒரு நாள் ஓடி ஒரு நாள் ஓடாத பழுது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியில்தான் இருக்கும். முதலில் பேட்டரியைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரிகூட, செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், மின்னணுப் பெட்டிகள் தடுமாறத் தொடங்கும். காலைக் குளிரில் இது கூடுதலாகவே நடக்கும். அடுத்து, சாவிக் கொத்து. மற்றொரு வண்டியின் சிப் சாவியோ, நுழைவு அட்டையோ, கனத்த உலோக வளையமோ அந்தச் சுருளுக்கு அருகே தொங்கினால் சிப் அனுப்பும் எண் குழம்பிப் போகும். கார்ச் சாவியைத் தனியே கழற்றிச் சில நாட்கள் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது சாவி இருந்தால் அதையும் முயலுங்கள்; அதில் தவறாமல் கிளம்பினால் பெட்டியின் மேல் குற்றமில்லை, முதல் சாவியின் சிப்தான் விரிசல் விட்டிருக்கிறது. சாவியின் உறை தேய்ந்து புது உறை மாற்றியவர்கள், பழைய உறைக்குள் இருந்த நெல்மணி அளவுச் சிப்பை எடுத்து வைக்காமலே குப்பையில் போட்டுவிடுவதும் உண்டு.

பிறகு சுருள். ஸ்டியரிங் தண்டின் கீழ் உறையைக் கழற்றினால் அதன் கனெக்டர் தெரியும். இரண்டு வயர்கள் மட்டுமே வந்தால் அது வெறும் சுருள். மல்டிமீட்டரில் குறைந்த ஓம் அளவு காட்ட வேண்டும், திறந்த சுற்று என்று காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. மூன்று, நான்கு வயர்கள் வந்தால் சுருளோடு மின்னணுப் பகுதியும் சேர்ந்திருக்கிறது, அதை ஓம் அளந்து தீர்மானிக்க இயலாது. எப்படி இருந்தாலும் கனெக்டர் முனைகளில் பச்சை படர்ந்திருக்கிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். பல மாடல்களில் சுருளுக்குச் சாவிப் பதிவே கிடையாது. அந்த வகையில் அதை மட்டும் மாற்றினால் எந்தப் புரோகிராமும் தேவைப்படாது. இவை அனைத்தும் சரியாக இருந்து, காரின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரும் பெட்டியையே சுட்டினால் மட்டும் அடுத்த பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: எங்கள் காரில் மழைநீர் இறங்கி இம்மொபிலைசர் பெட்டிக்குள் போய்விட்டது. திறந்து பார்த்தபோது சர்க்யூட் பலகையின் ஒரு மூலை அரித்துப் போயிருந்தது. தயாரிப்பாளர் இந்தப் பெட்டியை இப்போது செய்வதில்லை என்கிறார்கள். என்ன வழிகள் உள்ளன?

பதில்: பழுது உறுதியாகிவிட்டதால் நேராகப் பேசலாம். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பெட்டியை எறியாமல் வைத்திருப்பது. அரித்துப் போன பலகைக்கு மதிப்பில்லை. ஆனால் அதன்மேல் இருக்கிற எட்டுக் கால் கொண்ட சிறிய நினைவகச் சிப்பில்தான் உங்கள் சாவிகளின் எண்களும், காரின் இரகசிய எண்ணும் இருக்கின்றன. தொண்ணூறுகளின் பெட்டிகளில் இது பெரும்பாலும் 93சி46, 93சி56, 24சி02 போன்ற எண் கொண்டதாக இருக்கும். கொள்ளளவு வெறும் 128 அல்லது 256 பைட்டுகள். மூலையில் நீர் புகுந்து கருகிய பெட்டியில்கூட இந்தச் சிப் பிழைத்திருப்பது சாதாரணம்.

எனவே எனக்குச் சரியென்று படும் வழி இதுதான்: அதே பார்ட் நம்பர் கொண்ட பழைய பெட்டி ஒன்றை வாங்கி, உங்கள் பெட்டியின் நினைவகத்தைப் படித்து அதில் எழுதச் செய்வது. அப்போது உங்கள் சாவிகளும் ஈசியூவும் எந்த மாற்றமும் இன்றி அதை ஏற்றுக்கொள்ளும். இதைச் செய்கிற எலக்ட்ரானிக்ஸ் வல்லுநரிடம் இரண்டு விஷயங்களை வலியுறுத்துங்கள். சிப்பைப் பலகையிலேயே வைத்துக் கிளிப் போட்டுப் படித்தால், சுற்றியுள்ள மற்ற உறுப்புகள் குறுக்கிட்டுத் தவறான தகவல் வரலாம். கழற்றிப் படிப்பதே உத்தமம், அதையும் மும்முறை படித்து மூன்று கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்தது, வாங்கிய பெட்டியில் எழுதுவதற்கு முன் அதில் ஏற்கெனவே இருந்ததையும் சேமித்துக்கொள்ள வேண்டும். ஏதாவது பிசகினால் திரும்பி வர அது ஒன்றே வழி. நினைவகம் தனிச் சிப்பில் இல்லாமல் பெட்டியின் பிராசசருக்குள்ளேயே அடங்கியிருக்கும் மாடல்களும் உண்டு. அவற்றுக்குத் தனிக் கருவியும் அனுபவமும் வேண்டும்.

சில கார்களில் இம்மொபிலைசர் தனிப் பெட்டியாக இல்லாமல் மீட்டர் போர்டுக்குள்ளேயே அமைந்திருக்கும். அங்கே அதே நினைவகத்தில் ஓடிய கிலோமீட்டர் கணக்கும் இருக்கலாம். பழைய மீட்டர் போர்டை அப்படியே மாட்டினால் வேறொரு காரின் ஓட்டம் உங்கள் காரில் தெரியும். விற்கும்போது அது வில்லங்கமாகும். நினைவகத்தை மாற்றி எழுதும்போது உங்கள் காரின் உண்மையான கணக்கே தொடர்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, வேலையின் இரசீதில் அந்த எண்ணையும் குறிக்கச் சொல்லுங்கள்.

நினைவகம் படிக்க முடியாத அளவுக்கு அழிந்திருந்தால், ஒரே காரிலிருந்து எடுத்த முழுத் தொகுப்பை வாங்கலாம்: ஈசியூ, இம்மொபிலைசர் பெட்டி, அந்தக் காரின் சிப் சாவி. மூன்றும் ஒரே காரிலிருந்து வந்தவை என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இருக்காது. ஆகையால் வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் உறுதியோடு வாங்குங்கள். ஈசியூவின் நம்பர் உங்களுடையதோடு கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். எஞ்சின் ஒன்றாக இருந்தும் கியர்பாக்ஸ் வேறானால் ஈசியூ வேறாகலாம். கதவுக்கும் ஸ்டியரிங் பூட்டுக்கும் உங்கள் பழைய சாவியே தொடர வேண்டுமென்றால், வந்த சாவியின் சிப்பை எடுத்து உங்கள் சாவியின் தலைக்குள் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

புதிய பெட்டி இன்னும் கிடைக்கிற மாடல்காரர்களுக்குத் தயாரிப்பாளரின் சர்வீஸ் நிலையமே நேர்வழி. காரின் இரகசிய எண் கேட்பார்கள். வண்டி வாங்கியபோது தந்த அட்டையிலோ சாவியோடு வந்த தகட்டிலோ அது இருக்கும். அந்த எண்ணை ஊகித்து முயலவே கூடாது. தவறான எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பெட்டி பூட்டிக்கொண்டு காத்திருக்க வைக்கும். சில மாடல்களில் ஒவ்வொரு தவறுக்கும் அந்த நேரம் கூடிக்கொண்டே போகும். பல மாடல்களில், ஒரு காருக்குப் பதிந்த சாவிச் சிப் அதோடு பூட்டப்பட்டுவிடுவதால், புதிய பெட்டிக்குப் புதிய சாவிகளும் தேவைப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வேலை தொடங்குமுன் ரேடியோவின் குறியீட்டு எண்ணைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள கார் என்றால், கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும்; கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே ஸ்டியரிங் பக்கம் கை வைக்க வேண்டும். கடைசியாக, நீர் எந்த வழியாக இறங்கியது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பெட்டியை அதே இடத்தில் மாட்டாதீர்கள். கண்ணாடிக்குக் கீழேயுள்ள வடிகால் துளைகளில் இலை அடைத்திருப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம்.

கேள்வி: என்னுடையது கார்புரேட்டர் உள்ள பழைய கார். தொழிற்சாலையில் இம்மொபிலைசர் கிடையாது. தொண்ணூறுகளில் முந்தைய உரிமையாளர் வெளியில் வாங்கிப் பொருத்தியிருக்கிறார். டேஷ்போர்டில் உள்ள ஒரு குமிழில் சிறிய உலோகப் பொத்தான் ஒன்றை வைத்து அழுத்தினால்தான் வண்டி கிளம்பும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென எஞ்சின் அணைந்து, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் கிளம்புகிறது. இம்மொபிலைசர்தான் காரணமா? அதைக் கழற்ற முயன்றால் எல்லா வயர்களும் கறுப்பாகவே இருக்கின்றன.

பதில்: காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு, இதை உடனே கவனியுங்கள். தொழிற்சாலையில் பொருத்தப்படும் இம்மொபிலைசர்களில் பெரும்பாலானவை கிளம்பும் தருணத்தில் மட்டுமே சாவியைச் சோதிக்கும். ஓடும் எஞ்சினை நிறுத்தாது. ஆகவே அவ்வகைக் கார் சாலையில் அணைந்தால் எஞ்சின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரையோ, பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையோதான் முதலில் சந்தேகிப்பேன். உங்களுடையது வேறு வகை. வெளியிலிருந்து பொருத்தும் பெட்டிகள், காரின் வயரை நடுவில் வெட்டித் தம்முடைய ரிலே வழியாக இணைப்பவை. பொதுவாக ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரும், இக்னிஷன் காயிலுக்கோ பெட்ரோல் பம்புக்கோ போகும் வயரும் இப்படி வெட்டப்பட்டிருக்கும். காயில் வயரில் உள்ள ரிலேயின் தொடுமுனை இத்தனை ஆண்டுகளில் கருகியிருக்கும், அல்லது ரிலேயின் கால் பலகையோடு சேரும் சாலிடரில் மோதிரம் போல மெல்லிய விரிசல் விழுந்திருக்கும். சூடேறினால் விரிசல் திறக்கிறது, ஆறினால் மூடுகிறது. சில நிமிடங்களில் வண்டி மீண்டும் கிளம்புவது இதற்குப் பொருந்துகிறது. (இக்னிஷன் காயிலும் சூட்டில் இதேபோல் நடிக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.) ஓட்டத்தில் எஞ்சின் அணைந்தால் பிரேக்கின் வாக்குவம் உதவி ஓரிரு மிதிகளுக்கு மேல் நிற்காது, பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும், சரிசெய்யும்வரை வேகச் சாலைக்குப் போகாதீர்கள்.

உறுதிசெய்ய மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஓடும்போது, வெட்டப்பட்ட வயரின் இரு முனைகளுக்கும் இடையே வோல்ட்டை அளவிடுங்கள். நல்ல தொடுமுனையில் ஒரு வோல்ட்டின் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இழப்பு இருக்கும். அரை வோல்ட்டைத் தாண்டினாலோ, பெட்டியைத் தட்டும்போது எண் துள்ளினாலோ, ரிலே போய்விட்டது.

கறுப்பு வயர்களைப் பொறுத்தவரை, திருடன் குழம்ப வேண்டும் என்றே அப்படிச் செய்தார்கள்; பிற்பாடு வந்த எலக்ட்ரீஷியன்கள்தான் அதிகம் குழம்பினார்கள். கறுப்பு வயரைப் பெட்டியிலிருந்து தொடர்ந்து போகாமல், காரின் அசல் வயரிங்கைப் பாருங்கள். ஒரே நிறமும் ஒரே கோடும் கொண்ட அசல் வயர், அருகருகே இரண்டு இடங்களில் கறுப்பு வயரோடு சேர்ந்திருந்தால் அதுதான் வெட்டு. அந்த இரு முனைகளும் மீண்டும் ஒன்றுசேர வேண்டியவை. கார் கையேட்டின் வயரிங் படத்தில் அந்த நிறம் எதற்குரியது என்று சரிபார்த்து, ஒரு வெட்டை முழுமையாக இணைத்துச் சோதித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அறுத்துவிட்டு பிறகு ஜோடி தேடுவது ஒரு வார வேலையாகிவிடும்.

இணைப்பை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். ஸ்டார்ட்டரின் சாலினாய்டுக்கு (மின்காந்தத்தால் இயங்கும் உறுப்பு) போகும் வயரில் கணிசமான மின்னோட்டம் பாயும். தளர்ந்த முறுக்கல் சூடாகி டேப்பை உருக்கும். அசல் வயருக்குச் சமமான அல்லது சற்றுப் பருமனான வயரும், நசுக்கிப் பிடிக்கும் நல்ல கிரிம்ப் இணைப்பும், அதன்மேல் வெப்பத்தில் சுருங்கும் உறையும் போதும். சாலிடர் செய்தால், அது முடியும் இடத்தில் வயர் விறைத்து அதிர்வில் ஒடியும் என்பதால், இருபுறமும் வயரைக் கட்டித் தாங்கல் கொடுங்கள். பெட்டிக்கு வரும் நிரந்தர பாசிட்டிவ் வயரை அது தொடங்கும் இடத்திலேயே நீக்குங்கள். முனையில் டேப் ஒட்டிப் புதைத்துவிட்டுப் போவது, என்றோ ஒரு நாள் தீயை மூட்டிவிடும். அலாரமும் சேர்ந்த பெட்டியானால் சைரனுக்குள் தனிப் பேட்டரி இருக்கலாம். வயரைக் கழற்றியதும் அது காது கிழிய அலறும், அதை அணைக்கும் சிறு சாவி எங்கே என்று முதலில் தேடுங்கள்.

புதியது பொருத்துவதானால், ஓடும்போது எந்த நிலையிலும் துண்டிக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய பெட்டியின் வெட்டுகளிலேயே புதியதை இணைக்கும் சோம்பல் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் காரின் வயரிங் அசல் நிலைக்கு வந்து, ஒழுங்காக ஓட வேண்டும்.

கேள்வி: இந்தத் தலைவலியே வேண்டாம், ஈசியூவில் இம்மொபிலைசரை நிரந்தரமாக நீக்கிவிடலாம் என்கிறார் தெரிந்தவர். பழைய சிப்களின் பூட்டை ஆராய்ச்சியாளர்களே உடைத்துவிட்டார்களாமே, பிறகு அது இருந்து என்ன பயன்?

பதில்: உடைத்தது உண்மை. 40 பிட் இரகசியச் சாவி கொண்ட டிஎஸ்டி வகைச் சிப்பை 2005ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்த குழு உடைத்துக் காட்டியது. மெகாமோஸ் கிரிப்டோ என்ற மற்றொரு வகையின் பலவீனங்களைக் கண்ட ஆய்வுக்கட்டுரை, ஃபோக்ஸ்வேகன் தொடுத்த வழக்கில் 2013ஆம் ஆண்டு இங்கிலாந்து நீதிமன்றம் விதித்த தடையால் நின்று, 2015ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. இவற்றுக்கும் முந்தைய சிப்களோ மாறாத ஒரே எண்ணைச் சொல்பவை; நகலெடுப்பது மிக எளிது. ஆனால் கணினியும் கருவியும் அறிவும் கொண்டவர் உடைக்க முடிவது வேறு, திருப்புளியோடு வருபவர் வயரை உரசிக் கிளப்பிக்கொண்டு போக முடிவது வேறு. பழைய காரைத் திருட வருபவர் பெரும்பாலும் இரண்டாம் வகையினரே. ஐரோப்பிய ஒன்றியம் 1998ஆம் ஆண்டு அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியதும் அவர்களை மனத்தில் வைத்துத்தான்.

ஈசியூவில் நீக்குவது தொழில்நுட்ப அளவில் பல மாடல்களில் இயலும். தொகுப்பும் கிடைக்காமல், நினைவகமும் அழிந்து, வண்டியை ஓட வைக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை ஒப்புக்கொள்வேன். கட்டாயச் சட்டம் உள்ள நாட்டில் அப்படி நீக்கியது பரிசோதனையில் சிக்கலாகலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் நீக்கி, பின்பு கார் திருடுபோனால், இழப்பீடு மறுக்கப்பட அதுவே காரணமாகலாம். நீக்குவதானால் எழுத்தில் தெரிவித்துவிட்டு, அதற்கு ஈடாக வேறொரு பூட்டமைப்பைப் பொருத்துங்கள்.

கேள்வி: பழைய காரை வாங்கினேன். ஒரே ஒரு சாவிதான் தந்தார்கள். டூப்ளிகேட் எடுக்கச் சென்றபோது இரண்டு சாவி இருந்தால்தான் மூன்றாவதைப் பதிய முடியும் என்கிறார்கள். இது உண்மையா?

பதில்: மாடலைப் பொறுத்து உண்மை. பழைய ஃபோர்டு கார்கள் பலவற்றில், பதிந்த இரண்டு சாவிகள் கையில் இருந்தால் உரிமையாளரே மூன்றாவதைச் சேர்க்கலாம். ஒன்று மட்டும் இருந்தால் ஸ்கேனர் கருவி வேண்டும். தொண்ணூறுகளின் ஃபியட் கார்களில் சிவப்புத் தலை கொண்ட தலைமைச் சாவி ஒன்று உண்டு. புதுச் சாவியைப் பதிய அது வேண்டும், அன்றாடம் ஓட்ட அதைப் பயன்படுத்தக்கூடாது என்று தனியாகவே தந்தார்கள். அவ்வகைக் காரை வாங்கும்போது சிவப்புச் சாவியைக் கேட்டு வாங்காவிட்டால் பின்னால் வேலை கடினம்.

உங்கள் காரின் சிப் மாறாத எண் வகையானால் கவலை வேண்டாம். இருக்கிற சிப்பை அப்படியே நகலெடுத்துவிடலாம். காரின் பெட்டிக்கு இரண்டும் ஒரே சாவியாகத் தெரியும், எந்தப் பதிவும் தேவைப்படாது. எதுவானாலும், இருக்கிற ஒரு சாவி வேலை செய்யும்போதே இதைச் செய்துவிடுங்கள். அதுவும் தொலைந்துவிட்டால், பல மாடல்களில் பெட்டியைக் கழற்றி நினைவகத்தைத் தொட வேண்டிய நிலை வந்துவிடும். சாவி செய்பவர் வண்டியின் பதிவுச் சான்றையும் உங்கள் அடையாள அட்டையையும் கேட்டால் கோபிக்க வேண்டாம். கேட்காதவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

கேள்வி: என் பழைய டீசல் காரில் ஈசியூ கிடையாது, பம்ப் முழுவதும் இயந்திர வகை. ஆனாலும் இம்மொபிலைசர் பழுது என்கிறார்கள். அது எதைத் தடுக்கிறது?

பதில்: டீசல் பம்பின் மேல் உள்ள நிறுத்து சாலினாய்டை. அதற்கு 12 வோல்ட் போனால்தான் டீசல் வழி திறக்கும். எளிதில் வயர் கொடுத்துத் திறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில தயாரிப்பாளர்கள் சாலினாய்டின் மேல் இரும்புக் கவசம் போட்டு, தலை முறியும் போல்ட்டுகளால் இறுக்கி, உள்ளேயே சிறு மின்னணுப் பலகையையும் வைத்தார்கள். எஞ்சினின் சூடும் அதிர்வும் படுகிற இடம் என்பதால் அந்தப் பலகை நாளடைவில் பழுதாவது இயல்பு. முறிந்த போல்ட்டுகளைத் துளையிட்டு எடுத்து, கவசத்தோடு பலகையை நீக்கி, சாதாரண சாலினாய்டை இக்னிஷன் வயரோடு இணைப்பதே நடைமுறையில் செய்யப்படுகிறது. துளையிடும்போது இரும்புத் துகள் பம்புக்குள் விழுந்தால் பம்பையே கெடுக்கும் என்பதால், பம்பை இறக்கி வைத்து, எரிபொருள் வாய்களை அடைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். இதுவும் இம்மொபிலைசரை நீக்குவதாகவே கருதப்படும் என்பதால், காப்பீடு பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.